மோனசைட் பேரம்: திருவிதாங்கூர் மணலும் வல்லரசுகளின் கணக்கும்

2025 ஏப்ரல் 30 அன்று உக்ரைனும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட கனிம ஒப்பந்தம், உலக அரசியலில் இதுவரை இல்லாத ஒரு விபரீதம் போலப் பேசப்பட்டது. போரில் சிக்கிய நாடு தன் நிலத்தடியில் கிடக்கும் லித்தியத்தையும் டைட்டானியத்தையும் காட்டி ஆதரவு கேட்கிறது. வல்லரசு பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இதுவரை கொடுத்ததற்கு என்ன வழி என்று கேட்கிறது. பேச்சு கேமராக்களுக்கு முன்னால் அநாகரிகமாக நடந்ததால் எல்லாமே புதிதாகத் தெரிந்தது. பேரம் பழையது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பு, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணலும், அதற்கு வடக்கே கொல்லத்தை அடுத்த சவரா மணலும் இப்படித்தான் மேசைமேல் வைக்கப்பட்டன. வைத்தவர் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர், சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயரெடுத்த வழக்கறிஞர். திருவான்மியூரிலிருந்து அடையாறு வழியாக ஆழ்வார்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு அங்கே சாலைப் பெயராகப் பழக்கமான சி.பி. ராமசாமி அவர்தான். அந்தப் பேரம் ஏன் தோற்றது, அதே மணலை வைத்து 1951-இல் இந்தியா இன்னொரு பேரத்தை மறுத்தபோது என்ன ஆனது என்று பார்த்தால், இன்றைய ஒப்பந்தங்களை எடைபோட ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கனிமத்தைக் கொடுத்தால் கனிமம் வாங்குகிறவர் கிடைப்பார், காவலர் கிடைப்பதில்லை. புத்தியுள்ள ஒரு சிறிய அரசு கனிமத்தைக் கொண்டு வாங்கக்கூடியது தொழில்திறன் மட்டுமே. அதற்கும் கெடு மிகக் குறுகியது. இதுவே என் வாதம்.

முதலில் மணல். மோனசைட் என்பது செரியம், லாந்தனம் முதலிய அருமண் தனிமங்களோடு தோரியமும் கலந்த பாஸ்பேட் கனிமம். கடலோரக் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் ஆகியவற்றோடு சிறிய விகிதத்தில் கிடக்கும். திருவிதாங்கூர் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை உண்டு. பிரேசில் மணலில் இதைவிடக் குறைவு. இந்த வித்தியாசம்தான் ஒரு சிறிய சமஸ்தானத்தை உலக வரைபடத்தில் ஏற்றியது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், 99 பங்கு தோரியமும் 1 பங்கு செரியமும் சேர்ந்த கேஸ் விளக்கு மேன்டிலை உருவாக்கினார். நம் வீட்டுத் திருமணங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளையாக எரிந்ததும் அதன் வாரிசுதான். ஐரோப்பிய நகரத் தெருக்கள் அந்த வெளிச்சத்துக்குப் பழகியபோது தோரியம் வணிகத்தில் ஜெர்மன் நிறுவனங்கள் கோலோச்சின. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை வைத்தார். பிரிட்டிஷ் மேலாட்சியின் கீழ் இருந்த ஒரு சமஸ்தானத்தின் மணல் ஜெர்மனிக்குப் போய், தோரியம் நைட்ரேட்டாக மாறி, பிரிட்டிஷ் மேன்டில் ஆலைகளுக்கே விலைக்கு வந்த வேடிக்கையை 1914 வரை லண்டன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போர் மூண்டதும் ஷோம்பெர்க் கைதானார். மணல் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கைக்குப் போனது. திருவிதாங்கூர் அரசருக்கு இந்த மாற்றத்தில் சொல்லும்படியான பங்கு எதுவும் இல்லை. மணலின் உரிமையாளர் யார் என்பதைவிட, மணலை எடுத்துப் பிரிக்கத் தெரிந்தவர் யார், கப்பல் வழியைக் காப்பவர் யார் என்பதே போர்க்காலத்தில் முடிவு செய்தது.

இரண்டாம் உலகப் போர் தோரியத்துக்கு வேறொரு மதிப்பைக் கொடுத்தது. நியூட்ரானை ஏற்ற தோரியம், அணுவைப் பிளக்கப் பயன்படும் யுரேனியம்-233 ஆக மாறும் என்பது அணுகுண்டுத் திட்டத்தின் விஞ்ஞானிகளுக்குத் தெரிந்துவிட்டது. 1944 ஜூனில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கையெழுத்திட்டு ஒரு கூட்டு வளர்ச்சி அறக்கட்டளையை ரகசியமாக நிறுவினார்கள். உலகின் யுரேனியம், தோரியம் இருப்புகளை மற்றவர் கை படுவதற்குள் வளைத்துப்போடுவதே அதன் வேலை. அதன் முதல் பெரிய கொள்முதல் பெல்ஜியத்திடமிருந்து. கொங்கோவின் ஷின்கொலோப்வே சுரங்கத்தில் உலகிலேயே செறிவான யுரேனியத் தாது இருந்தது. பெல்ஜிய அரசு போர்க்காலத்தில் லண்டனில் நாடுகடந்து வாழ்ந்தது; பிரஸ்ஸல்ஸ் விடுதலையான சில வாரங்களிலேயே, 1944 செப்டம்பர் 26 அன்று, அந்தத் தாதின் மீதான முன்னுரிமையைப் பத்தாண்டுக்கு அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் எழுதிக் கொடுத்தது. பின்னாளில் அணுசக்தி வணிகப் பயன்பாட்டுக்கு வரும்போது பெல்ஜியத்துக்கும் நியாயமான பங்கு உண்டு என்ற வாசகம் பதிலுக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டில், 1946-இல், அமெரிக்க நாடாளுமன்றம் மக்மேகன் சட்டத்தை நிறைவேற்றி அணுத் தகவலை எந்த நாட்டோடும் பகிரத் தடை போட்டது. தாது போய்க்கொண்டே இருந்தது. பெல்ஜியம் ஆண்டுக்கணக்கில் முறையிட்டுக்கொண்டே இருந்தது. ஒப்பந்தத்தில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுப்பதற்குத் தேதியும் அளவும் இருந்தன, பெறுவதற்கு ஒரு நல்லெண்ணம் மட்டுமே இருந்தது. போர்க்காலக் கனிமப் பேரங்களின் அடிப்படைக் கோணல் இது.

சி.பி.க்கு இந்த ரகசிய ஏற்பாடுகளின் விவரம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஹிரோஷிமாவுக்குப் பிறகு தோரியத்தின் மதிப்பு என்ன என்று ஊகிக்கத் தெரியாதவர் அல்ல அவர். 1946-இல் மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை போட்டார். கச்சா மணலை மூட்டை கட்டி அனுப்பும் காலம் முடிந்தது, வேண்டுமானால் இங்கேயே ஆலை வையுங்கள் என்பது அவர் நிலை. பிரிட்டன் இறங்கி வந்தது. 1947-இன் தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்று ஆண்டுகளில் 9,000 டன் மோனசைட் பிரிட்டனுக்குப் போகும். பதிலுக்குத் திருவிதாங்கூர் மண்ணிலேயே தோரியம் பிரிக்கும் ஆலை எழ பிரிட்டன் உதவும். இதுவரை இது நல்ல வியாபாரம்; அன்றைய இந்தியத் தலைவர்கள் எவரும் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் பேசியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். சிக்கல் அடுத்த படியில் வந்தது. 1947 ஜூன் 11 அன்று, பிரிட்டிஷ் மேலாட்சி விலகும் நாளில் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். பத்து நாளுக்குள் பாகிஸ்தானுக்கு ஒரு பிரதிநிதியையும் நியமித்தார். தேவையான அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிய சமஸ்தானம் அது. 1942-இல் பர்மா விழுந்தபின் பசி என்னவென்று பார்த்துவிட்டது. ஆகவே தானியத்துக்குக் கராச்சி, அங்கீகாரத்துக்கு லண்டன், இரண்டுக்கும் அடமானமாக மணல். கணக்கு இப்படித்தான் ஓடியது.

லண்டன் என்ன செய்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. வாங்குபவர் ஒரே ஆள் என்று விற்பவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் ஒரு வல்லரசுக்குள் பல வாய்கள். தோரியத்துக்குப் பொறுப்பான வழங்கல் அமைச்சகம், பொருள் கிடைப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் திருவிதாங்கூர் தனித்து நிற்பது பிரிட்டனுக்கு அனுகூலம் என்று கருதியதை, அதிகார மாற்ற ஆவணங்களாகப் பின்னர் வெளிவந்த கடிதங்கள் காட்டுகின்றன. சி.பி.யின் கணிப்பு முழுக்கத் தவறல்ல என்பதற்கு இது சான்று. ஆனால் அமைச்சரவைக்கு மணலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. காங்கிரஸ் ஆளப்போகும் இந்தியாவைக் காமன்வெல்த்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பொருட்டு 1947 ஜூலை 16 அன்று இந்தியச் செயலர் லிஸ்டோவெல் பிரபு பிரபுக்கள் சபையில், எந்தச் சமஸ்தானத்தையும் தனியான சர்வதேச அரசாக அங்கீகரிக்கும் எண்ணம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். மணல் வாங்குகிறவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. மணல் எங்கும் ஓடிப்போகாது. திருவனந்தபுரத்தில் பேசியதை இனி டெல்லியில் பேச வேண்டும், அவ்வளவுதான். கனிமத்தை அடமானம் வைப்பவரின் பலவீனமே இந்த இடத்தில் இருக்கிறது. நிலத்தோடு ஒட்டிய பொருள், நிலம் யார் கைக்குப் போனாலும் அவர் கையோடு போகும். வாங்குபவருக்கு வேண்டியது நிலத்தை ஆள்பவரின் சம்மதம். ஆள்பவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. படையும் துறைமுகமும் போல, ஆளும் கூட்டாளி அழிந்தால் தானும் அழியும் சொத்து அல்ல தாது.

ஒரு மறுப்பு உடனே எழும். சி.பி. தோற்றது பேரத்தின் குறையால் அல்ல, கத்தியால் என்பார்கள். 1947 ஜூலை 25 அன்று திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமி விழாவில் கே.சி.எஸ். மணி என்ற சோஷலிஸ்ட் இளைஞர் அவரை வெட்டினார், ஜூலை முடிவதற்குள் மகாராஜா சித்திரைத் திருநாள் இணைப்புக்குச் சம்மதம் தெரிவித்தார், ஆகஸ்டில் சி.பி. பதவி துறந்து கிளம்பினார். வரிசை சரி. ஆனால் லிஸ்டோவெலின் அறிவிப்பு அதற்கு ஒன்பது நாள் முன்னதாகவே வந்துவிட்டது. தாக்குதலுக்குச் சில நாள் முன்பு சி.பி. டெல்லியில் வைஸ்ராய் மவுன்ட்பேட்டனோடு பேசிவிட்டு, இணையும்படி கேட்கும் கடிதத்தை மகாராஜாவுக்கு எடுத்துக்கொண்டுதான் திரும்பினார். வெளியாதரவு என்ற தூண் ஏற்கெனவே சரிந்திருந்தது. வெட்டு, சரிந்த கட்டடத்தை வேகமாகக் காலி செய்ய வைத்தது.

கத்தியின் பின்னால் இருந்த கோபத்தையும் தள்ளிவிட முடியாது. விற்பவருக்கு விற்கும் அருகதை உண்டா என்ற கேள்வி அதில் இருக்கிறது. 1946 அக்டோபரில் புன்னப்புரா, வயலார் ஊர்களில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திவானை நீக்க முடியாத 'அமெரிக்கன் மாடல்' அரசியல் சட்டத்தை அரபிக் கடலில் எறியச் சொன்ன முழக்கம் அன்று மூலைமுடுக்கெல்லாம் கேட்டது. தெற்கே நிலைமை இன்னும் சிக்கல். மணவாளக்குறிச்சி அடங்கிய கல்குளம் தாலுகாவிலும், அதை ஒட்டிய தோவாளை, அகஸ்தீஸ்வரம், விளவங்கோடு தாலுகாக்களிலும் தமிழர்கள் தங்கள் பகுதியைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு அமைப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று அது நிறைவேறியது. ஆக, தனி நாட்டுக்கு அடமானமாக வைக்கப்பட்ட மணலில் ஒரு பகுதி, அந்தத் தனி நாட்டையே விரும்பாத மக்களின் வாசலில் கிடந்தது. மீனவக் குடும்பங்களையோ கயிறு திரிப்பவர்களையோ யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எழுதிய ஒப்பந்தத்தைக் காப்பாற்ற உள்ளூரில் ஆள் இருக்கமாட்டார்கள். வாங்குகிற வல்லரசுக்கும் இது தெரியும், ஆகவே அந்த ஒப்பந்தத்தை நம்பி அது ஒரு சிப்பாயைக்கூட அனுப்பாது.

இனி எதிர்ப்பக்கம். சுதந்திர இந்தியா 1948 ஏப்ரலில் அணுசக்திச் சட்டம் இயற்றியது. ஆகஸ்டில் ஹோமி பாபா தலைமையில் அணுசக்தி ஆணையம் அமைந்தது; வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் மற்ற இரு உறுப்பினர்கள். மோனசைட் ஏற்றுமதித் தடை நீடித்தது. அதாவது சி.பி.யின் அரசியலை நேருவின் அரசு தோற்கடித்தது, அவருடைய வணிகக் கொள்கையை அப்படியே எடுத்துக்கொண்டது. அதற்கு விலை கேட்கும் நேரம் சீக்கிரம் வந்தது. 1950-இல் மழை பொய்த்தது, வெள்ளமும் சேர்ந்தது. பீகாரிலும் சென்னை மாகாணத்திலும் ரேஷன் அளவு சுருங்கியது. டிசம்பரில் தூதர் விஜயலட்சுமி பண்டிட் வழியாக அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்கப்பட்டது. அப்போது கொரியப் போர் உச்சத்தில் இருந்தது. சீனாவைப் போர் தொடுத்த நாடு என்று ஐ.நா. அறிவிப்பதை இந்தியா எதிர்த்து நின்றது அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கசந்தது. 1951 பிப்ரவரி 12 அன்று அதிபர் ட்ரூமன் கோதுமை தரப் பரிந்துரைத்தும் மசோதா மாதக்கணக்கில் இழுபட்டது. கோதுமை வேண்டுமானால் மோனசைட், மாங்கனீசு போன்ற போர்த்தேவைக் கனிமங்களைத் தரட்டும் என்று உறுப்பினர்கள் பலர் கேட்டார்கள். அணு ஆயுதத்துக்குப் பயன்படக்கூடிய பொருளை ஏற்றுமதி செய்வதில்லை என்பது தங்கள் கொள்கை என்றும், அரசியல் நிபந்தனையோடு வரும் உணவு வேண்டாம் என்றும் நேரு மறுத்தார். ஜூன் 15 அன்று சட்டம் கையெழுத்தானது. 19 கோடி டாலர் கடன், 2.5 சதவீத வட்டி. கடனைப் பொருளாகவும் திருப்பித் தரலாம் என்ற பொதுவாசகம் இருந்தது. மோனசைட்டைக் கட்டாயமாக்கும் நிபந்தனை இல்லை.

இந்த மறுப்பை வீரகதையாக்கிவிடக் கூடாது. ஆறு மாதத் தாமதத்தின் சுமை நாடாளுமன்றத்தில் அல்ல, ரேஷன் வரிசையில் விழுந்தது. கொள்கைப் பிடிப்பைப் பாராட்டுபவர்கள் அந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் கோதுமை ஏன் வந்தது? சோவியத் யூனியனும் சீனாவும் தானியம் தர முன்வந்தன. பசித்த இந்தியா கம்யூனிஸ்ட் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பது வாஷிங்டனின் பெரிய கணக்கு. மோனசைட் சின்னக் கணக்கு. 1947-இல் லண்டனில் நடந்ததும் இதுவேதான், திசை மட்டும் மாறிவிட்டது. அன்று பெரிய கணக்கு திருவிதாங்கூருக்கு எதிராக இருந்ததால் மணல் இருந்தும் ஆதரவு வரவில்லை; 1951-இல் பெரிய கணக்கு இந்தியாவுக்குச் சாதகமாக இருந்ததால் மணல் கொடுக்காமலே கோதுமை வந்தது. இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஆதரவைத் தீர்மானித்தது கனிமம் அல்ல. இந்த இணை எனக்குக் கிடைத்த வலுவான சான்று. ஒரே மணல், நான்கு ஆண்டு இடைவெளி. மாறியது விற்பவரின் அரசியல் இடம் மட்டுமே.

கெடு பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் லிண்ட்சே நிறுவனம் இந்திய மோனசைட்டை நம்பியே ஆலை நடத்தியது. தடை வந்ததும் அங்கே தேடல் சூடுபிடித்தது. 1949-இல் கலிஃபோர்னியாவின் மவுன்டன் பாஸ் மலையில், யுரேனியம் தேடிக் கைகர் கருவியோடு அலைந்தவர்கள் பாஸ்ட்னசைட் என்ற அருமண் தாதைக் கண்டார்கள். 1950-களில் அங்கே சுரங்க வேலை தொடங்கியது; பின்னாளில் அதுவே உலகச் சந்தையைக் கைப்பற்றியது. தென்னாப்பிரிக்காவும் மோனசைட் விற்கத் தொடங்கியது. யுரேனியம் போதுமான அளவு கிடைத்துவிட்டதால் தோரியத்துக்கான அவசரமும் தணிந்தது. 1953-இல் இந்தியா சீனாவுக்குத் தோரியம் நைட்ரேட் அனுப்பியபோது, எதிரி நாட்டோடு வணிகம் செய்வோருக்கு உதவியை நிறுத்தும் சட்டத்தைக் காட்டி வாஷிங்டன் உரசியது. பிறகு சமாளித்துக்கொண்டார்கள். 1946-இல் உலகமே தேடிய பொருள் பத்தாண்டுக்குள் ஒரு சாதாரணச் சரக்காகிவிட்டது. கனிமத்தைத் தடுத்து வைப்பவர் தன் கையில் இருப்பது துருப்புச்சீட்டு என்று நினைக்கிறார். அவர் தடுத்த கணத்திலிருந்தே அதற்கு மாற்று தேடும் வேலை எங்கோ ஆரம்பித்துவிடுகிறது.

கனமான ஆட்சேபம் இனிமேல்தான் வருகிறது. திருவிதாங்கூரில் போர் நடக்கவில்லை, 1951 இந்தியாவிலும் குண்டு விழவில்லை. தலைநகரம் நாளை விழுமா என்று பயப்படும் அரசுக்கு இந்தப் புத்திமதிகள் ஆடம்பரம் அல்லவா? எதைக் கொடுத்தாவது இன்றைக்குப் பிழைத்தால்தானே நாளைக்குச் சுரங்கத்தைப் பற்றிக் கவலைப்பட முடியும்? நியாயமான கேள்வி, இதற்கு உதாரணமும் உண்டு. 1995-இல் சியரா லியோனின் ராணுவ அரசு, கிளர்ச்சிப் படை தலைநகரை நெருங்கியபோது, எக்ஸிக்யூட்டிவ் அவுட்கம்ஸ் என்ற தென்னாப்பிரிக்கக் கூலிப்படையைக் கூப்பிட்டது. அதோடு தொடர்புடைய நிறுவனத்துக்குக் கோய்டு வைரச் சுரங்க உரிமை கிடைத்தது. படை வந்தது, கிளர்ச்சியாளர்களை விரட்டியது, தேர்தலே நடந்தது. 1997 ஜனவரியில் படை கிளம்பியது. மே மாதம் ஆட்சி கவிழ்ந்தது. கனிமம் அவகாசம் வாங்கித் தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அவகாசத்துக்குள் சொந்தப் படையையும் சொந்த நிர்வாகத்தையும் கட்டாத அரசுக்கு வாங்கியது வீணாகிறது, உரிமைப் பத்திரம் மட்டும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு மிஞ்சுகிறது.

உக்ரைன் இதை உணர்ந்தே பேசியது போலத் தெரிகிறது. கனிமங்களைக் கூட்டாளிகளோடு சேர்ந்து பயன்படுத்தும் யோசனையை 2024 அக்டோபரில் முன்வைத்தது அதிபர் ஸெலென்ஸ்கியேதான். பதிலுக்கு, பழைய உதவிக்கு ஈடாக 50,000 கோடி டாலர் மதிப்புள்ள கனிமம் என்ற கோரிக்கை வாஷிங்டனிலிருந்து வந்தது. இறுதியில் கையெழுத்தானதில் பழைய உதவி கடனாகக் கணக்கிடப்படவில்லை. இரு தரப்பும் சமமாக நிர்வகிக்கும் மறுகட்டமைப்பு நிதி. புதிதாக வழங்கப்படும் உரிமங்களின் வருவாயில் பாதி அதற்குப் போகும். அமெரிக்கா இனித் தரும் ராணுவ உதவி அதன் முதலீடாகக் கொள்ளப்படலாம். கீவ் நாடாளுமன்றம் விவாதித்து ஒப்புதல் கொடுத்தது. 1944 பெல்ஜிய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் எவ்வளவோ கண்ணியமான ஒப்பந்தம். ஆனால் அதில் பாதுகாப்பு உத்தரவாதம் என்று எதுவும் இல்லை. அமெரிக்கக் கம்பெனிகள் சுரங்கத்தில் இருந்தால் ரஷ்யா தயங்கும் என்ற வாதம் சொல்லப்பட்டது. கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள் டொனெட்ஸ்க் பகுதியில் ஷெவ்சென்கோ என்ற ஊரை, அதை ஒட்டிய லித்தியப் படிவோடு ரஷ்யப் படை பிடித்ததாகச் செய்தி வந்தது. படிவு கை மாறியது. வாஷிங்டனின் கொள்கை அதனால் மாறவில்லை.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னொரு உதாரணம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. இலங்கையில் நான்காம் ஈழப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், மன்னார் படுகையை எண்ணெய்த் தொகுதிகளாகப் பிரித்த கொழும்பு அரசு, ஏலம் இல்லாமலே ஒன்றை இந்தியாவுக்கும் ஒன்றைச் சீனாவுக்கும் ஒதுக்குவதாக அறிவித்தது. வேறொரு தொகுதியை ஏலத்தில் எடுத்த கெய்ர்ன் இந்தியா 2008-இல் ஒப்பந்தம் செய்தது. இந்தப் பங்கீடுதான் டெல்லியையும் பெய்ஜிங்கையும் கொழும்பின் பக்கம் நிறுத்தியது என்று சிலர் எழுதுவதுண்டு. ஏலமில்லாத் தொகுதிகள் அறிவிப்போடு நின்றுபோனதைப் பார்த்தால் அது நம்பும்படி இல்லை. சீனாவுக்குக் கடல்வழி, இந்தியாவுக்குச் சீனா, இந்தியாவின் உள்நாட்டு அரசியலில் 1991 ராஜீவ் காந்தி கொலையின் நிழல்: இவையே போதுமான காரணங்கள். கெய்ர்ன் 2011-இல் எரிவாயுவைக் கண்டது, 2015-இல் விலகியது. எரிவாயு கடலடியிலேயே கிடக்கிறது. யாருடைய கடலோரத்தை ஒட்டி அந்தத் தொகுதிகள் வரையப்பட்டனவோ அவர்கள் அப்போது அகதி முகாமிலோ போர்முனையிலோ இருந்தார்கள் என்பதும் கல்குளம் தாலுகாவை நினைவுபடுத்துகிறது.

கடைசியாக ஓர் ஆட்சேபம், இது நம்மை நோக்கியது. கொடுக்காமல் வைத்துக்கொண்டு என்ன சாதித்தீர்கள்? பதில் பாதி பெருமை, பாதி வெட்கம். 1950 ஆகஸ்டில் மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு ஆலுவாயில் எழுந்த மோனசைட் ஆலையை 1952 டிசம்பரில் நேரு திறந்துவைத்தார். சி.பி. பிரிட்டனிடம் கேட்ட ஆலை வேறு கையில், வேறு நாட்டு உதவியோடு வந்து சேர்ந்தது. கச்சா மணலை நிறுத்தி வைத்ததால்தான் இந்தியா அந்த வயதிலேயே அருமண் பிரிக்கும் நாடுகளின் சிறு வட்டத்துக்குள் நுழைந்தது. பேரத்தில் கேட்கத் தகுந்த பொருள் இதுதான் என்று நான் சொல்வதற்கு ஆலுவாய் சாட்சி. ஆனால் அடுத்த படிகளை ஏறவில்லை. தனிமத்தைப் பிரித்ததோடு நின்றோம். உலோகம், உலோகக் கலவை, நிரந்தரக் காந்தம் என்று போகவில்லை. சீன விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2004-இல் அருமண் உற்பத்தியே நின்றுபோய், பல ஆண்டு கழித்து ஒடிசாவில் மீண்டது. தோரியமோ, திருவான்மியூரில் ஆரம்பிக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரம் தெற்கே போனால் வரும் கல்பாக்கத்தில், யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்ட காமினி என்ற சிறிய ஆராய்ச்சி உலையில் 1996 முதல் தன் இருப்பைக் காட்டுகிறது. வணிக மின்சாரமாக இன்னும் மாறவில்லை. 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது, சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பு இருப்பதாகச் சொல்லும் நாட்டின் வாகன ஆலைகள் காந்தத்துக்குத் தவித்தன. தடுத்து வைப்பது கொள்கையின் முதல் பாதி மட்டுமே. இரண்டாவது பாதியை நாம் எழுபது ஆண்டாக ஒத்திப்போட்டோம்.

இப்போது அவசரம் திரும்பியிருக்கிறது. 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு அதற்கு முன்பே, 2024-இல், கருத்துக் கேட்புக் கூட்டம் குறிக்கப்பட்டு, கடலோர ஊர்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. கதிர்வீச்சு, கடலரிப்பு, மீன்பிடிப்பு என்று அவர்கள் வைக்கும் கேள்விகளுக்கு நாட்டு நலன் என்ற ஒற்றைப் பதில் போதாது. வெளிநாட்டோடு நாளை எந்தப் பேரம் நடந்தாலும், முதல் ஒப்பந்தம் இவர்களோடுதான் எழுதப்பட வேண்டும். எந்த ஊரில் ஆலை, யாருக்கு வேலை, தோண்டிய இடத்தை யார் எப்போது மூடுவது, காந்தம் வரைக்கும் எத்தனை ஆண்டு என்று அளவும் தேதியும் போட்டு எழுதாத வரை, கிள்ளியூர்க்காரர்கள் கையெழுத்துப் போட மறுப்பதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.